உங்க வாட்ச்சில் ஓடும் அந்தக் கோடு... 270 கிலோ மெஷினில் பிறந்த கதை!

ஸ்மார்ட்வாட்ச்ல விரலை வெச்சு 30 செகண்ட்ல ஈ.சி.ஜி எடுக்கிறவரா நீங்க? அந்த ஏறி இறங்குற கோட்டுக்குப் பின்னாடி ஒரு மனிதரோட பல வருஷ உழைப்பு இருக்கு. அவர் பெயர், வில்லெம் ஐந்தோவன்.

1860-ல், அப்போ டச்சு ஆட்சியில் இருந்த ஜாவா தீவின் செமராங் நகரத்தில் பிறந்தவர். அப்பா ராணுவ டாக்டர். சின்ன வயசுலேயே அப்பா இறந்துட, ஆறு பிள்ளைகளோட அம்மா நெதர்லாந்து திரும்பினார். அங்கே மருத்துவம் படிச்ச ஐந்தோவன், 25 வயசுலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகிட்டார்.

உங்க இதயத்தின் மேல் அறையில் ஒரு குட்டி மின் நிலையம் இருக்கு. அங்கிருந்து கிளம்புற சிக்னல்தான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்குது. வேற இடத்திலிருந்து சிக்னல் கிளம்பினாலோ, வழியில தடைபட்டாலோ தாளம் தப்பும். நாடி பிடிச்சுப் பார்த்தா தாளம் தப்புறது தெரியும். கோளாறு எங்கேன்னு தெரியாது. அன்றைய டாக்டர்களின் தவிப்பு இதுதான்.

அந்த மின்சாரத்தை அளக்க அப்போ இருந்த பாதரசக் கருவி ரொம்ப மந்தம். அதில் கிடைச்ச கோட்டை ஐந்தோவன் கணக்குப் போட்டே திருத்தினார். 1895-ல் அதன் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி-னு பெயரும் வெச்சார். இன்னிக்கும் அதே பெயர்கள்தான்!

ஆனா, ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியுமா? புதுக் கருவியையே உருவாக்கிட்டார். சூட்டில் இளகிய குவார்ட்ஸை அம்பில் இணைத்து எய்து, முடியைவிட மெல்லிய இழை எடுத்தார். அதுக்கு வெள்ளி பூசி, பெரிய காந்தத்துக்கு நடுவுல கட்டினார். மொத்த எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேணும். நோயாளி கை, காலை உப்புத் தண்ணியில முக்கி உட்காரணும்.

இவ்ளோ பெரிய மெஷினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடியாதே? 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கம்பி வழியா நோயாளியின் இதயத் துடிப்பையே லேபுக்கு வரவெச்சார்! அடுத்த வருஷமே, மேல் அறைகள் கன்னாபின்னானு துடிக்கிறது, சிக்னல் பாதியில் தடைபடுறதுனு பல தாளக் கோளாறுகளைக் கோடுகளாவே வெளியிட்டார்.

1924-ல் நோபல் பரிசு. 1927-ல் மறைவு.

வாட்ச்சை ஒரு கையில் கட்டி, மறு கை விரலை வைக்கிறீங்க இல்லையா? ஒரு கையிலிருந்து மறு கைக்கு அளக்கிற அந்த முறையும் அவர் வகுத்ததுதான். ஆனா ஒண்ணு... படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி வந்தா வாட்ச்சைப் பார்த்துட்டு இருக்காதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க!