சாம்பல் மேட்டுப் புதிர்

தென்னிந்தியாவின் பெல்லாரி வட்டாரத்தில், வயல்களுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் இடையே சாம்பல் நிற மேடுகள் சில காணப்படுகின்றன. குடதினி என்னும் ஊருக்கு அருகிலுள்ள மேடு, மகாபாரதத்து வீமன் கொன்ற இடிம்பன் என்ற அரக்கனை எரித்த சாம்பல் என்று அப்பகுதி மக்கள் நம்பினர். ஹம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரத்து மேட்டில்தான் வாலியின் உடல் எரிக்கப்பட்டது என்பது இன்னொரு கதை. படித்தவர்களிடையேயும் குழப்பமே நிலவியது. எரிமலைக் குழம்பு என்றனர் சிலர். பழைய உலைகளின் கழிவு என்றனர் வேறு சிலர்.

இப்புதிருக்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இவர் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார் ஆவார்.

பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்வதே ஃபூட்டின் அரசுப் பணி. ஆயினும், மனிதர் கைபட்ட கற்களையும் அவர் கண்கள் தேடின. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளமொன்றில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்றாயிற்று. அவர் புகழ் பெற்றது இதனால்தான். எனினும், பெல்லாரியில் அவர் செய்த ஆய்வும் அதற்குக் குறைந்ததன்று.

அங்குள்ள குப்கல் குன்றில் எங்கு பார்த்தாலும் கற்கோடரிகள் கிடந்தன. பல்லாவரத்துக் கருவியைப் போல அவை வெறுமனே செதுக்கப்பட்டவை அல்ல, தேய்த்து வழுவழுப்பாக்கப்பட்டவை. முழுமை பெற்றவற்றோடு, பாதி செதுக்கியவையும் உடைந்ததால் எறியப்பட்டவையும் கலந்து கிடந்தன. எனவே, அவ்விடம் கோடரிகள் செய்யும் பட்டறையாக இருந்திருக்க வேண்டும் என்று ஃபூட் முடிவு செய்தார். அவற்றைச் செய்தவர்கள் புதிய கற்கால மக்கள். அவர்கள் ஓரிடத்தில் தங்கி, பயிர் செய்து, ஆடுமாடு வளர்த்தவர்கள். அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே சாம்பல் மேடுகளும் இருந்தன.

ஃபூட் கண்ட விடை மிக எளியது. மேடுகளில் இருப்பது மாட்டுச் சாணத்தின் சாம்பல் என்றார் அவர். பட்டியில் பல ஆண்டுகள் குவிந்த சாணம் தீப்பற்றி எரிந்துள்ளது. கடும் வெப்பத்தில் அதன் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் இறுகியுள்ளது என்பது அவர் கருத்து. அரக்கர்களையும் எரிமலையையும் எண்ணியிருந்தவர்களுக்குச் சாணம் என்ற விடை சப்பென்றுதான் இருந்திருக்கும்! அறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. உறுதியான சான்று வேண்டுமென்றால் மேட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்றபின் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு விற்றார். ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்பதைக் குறித்துப் பட்டியலும் எழுதினார். அது 1914இல் அச்சாகி வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1912இலேயே காலமாகிவிட்டார்.

அவர் மறைந்து 45 ஆண்டுகள் கடந்தன. 1957இல் ரேமண்ட் ஆல்சின் என்ற தொல்லியல் அறிஞர், இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் சாம்பல் மேடு ஒன்றை அகழ்ந்தார். வேலிக்காகக் கம்பங்கள் நட்ட குழிகள் வரிசையாக வெளிப்பட்டன. அந்த வேலிக்குள், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு அடைக்கப்பட்டிருந்த மாடுகளின் குளம்படித் தடங்கள் சாம்பலில் பதிந்தபடியே இருந்தன.