சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி

கிண்டி மாளிகையில் வீற்றிருக்கும் ஆளுநர் நியமிக்கும் பதவிகளுள் அரசுத் தலைமை வழக்குரைஞர் பதவி தனித்தன்மை உடையது. அப்பதவியில் இருப்பவர் சட்டமன்றத்தில் பேசலாம். அதன் குழுக்களில் இடம்பெற்று மசோதாக்களை ஆராயலாம். ஆயினும் வாக்களிக்க இயலாது. சென்னை மாகாணத்தில் 1929 முதல் 1944 வரை அப்பதவியை வகித்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி.

இவர் நெல்லூர் மாவட்டத்துப் புதூரில் 1883 மே 14 அன்று, கோயில் அர்ச்சகர் ஏகாம்பர சாஸ்திரியின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று வழக்குரைஞரானார்.

மாகாண அரசு 1939இல் விற்பனை வரியை விதித்தது. கடலை எண்ணெய் உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கும் அவ்வரி உண்டா, அல்லது அது மைய அரசுக்கே உரிய உற்பத்தி வரியாகுமா என்னும் வழக்கு எழுந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 1942இல் மாகாணத்தின் அதிகாரத்தை நிலைநாட்டியது. சட்டமன்றம் இயற்றும் சட்டத்தைக் காத்து நிற்பதே அல்லாடியின் அன்றாடப் பணியாக இருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

1947 ஆகஸ்டு 29 அன்று அமைக்கப்பட்ட அரசியலமைப்பு வரைவுக்குழுவின் எழுவருள் இவரும் ஒருவர். தம்மினும் தகுதி மிக்கவர் என அம்பேத்கர் இவரை மன்றத்தில் பெயர்சொல்லிப் போற்றினார்.

தனிமனித விடுதலை பற்றிய 21ஆம் பிரிவே கடும் விவாதத்திற்கு உள்ளானது. சட்டத்தின் நடைமுறை நியாயமானதா என்பதையும் நீதிமன்றம் ஆராய வேண்டும் என்றார் கே.எம். முன்ஷி. அமெரிக்க நீதிமன்றங்கள் அத்தகைய அதிகாரத்தைக் கொண்டே தொழிலாளர் நலச் சட்டங்களைச் செல்லாதனவாக்கியதை அல்லாடி அறிந்திருந்தார்; இங்கும் சமூகச் சீர்திருத்தம் தடைப்படுமோ என அஞ்சினார். அவ்வச்சம் பொருளற்றதன்று. முடிவில், சட்டம் வகுத்த நடைமுறை என்னும் தொடரே இடம்பெற்றது.

அதன் விலை விரைவிலேயே தெரிந்தது. சென்னை மாகாணத்தில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டிருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் அத்தொடரைச் சொல்லளவிலேயே பொருள்கொண்டது, அவர் விடுவிக்கப்படவில்லை.

அல்லாடி 1953 அக்டோபர் 3 அன்று சென்னையில் மறைந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1978இல் மேனகா காந்தி வழக்கில், சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. பிரிவின் சொற்கள் மட்டும் மாற்றப்படவில்லை.