மலபார் யத்தீம்களுக்கு இல்லம் அமைத்த மௌலானா கசூரி (ரஹ்)

கோழிக்கோடு வெள்ளிமாடுகுன்றில் உள்ள ஜே.டி.டி. இஸ்லாம் யத்தீம்கானாவைப் பற்றி நம் ஜமாஅத்தார்களில் பலர் கேள்வியுற்றிருப்பர். அதனைத் தோற்றுவித்த பெருந்தகை மலையாளி அல்லர் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், பஞ்சாபின் கசூர் நகரில் வாழ்ந்த வழக்கறிஞர் மௌலானா அப்துல் காதிர் கசூரி அவர்களே அவர்.

1921 ஆகஸ்ட் 20 அன்று திரூரங்காடியில் மூண்ட மலபார்க் கிளர்ச்சியை நாம் அறிவோம். மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அரசுக் கணக்கின்படியே 2,339 கிளர்ச்சியாளர் கொல்லப்பட்டனர். 45,000-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர் அல்லது சரணடைந்தனர். நவம்பரில் திரூரிலிருந்து சரக்கு வேகனில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் 70 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். கோவையை அடுத்த போத்தனூரில்தான் அவ்வேகனின் கதவு திறக்கப்பட்டது. இந்துக் குடும்பங்களும் அக்கலவரத்தில் உயிரும் உடைமையும் இழந்து தவித்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. மாண்டோரையும் பிடிபட்டோரையும் எண்ணிய அக்கணக்கில், ஏறநாட்டு, வள்ளுவநாட்டுக் குடிசைகளில் எஞ்சிய பிள்ளைகள் இடம்பெறவில்லை.

அப்பிள்ளைகளின் துயர் மௌலானாவின் உள்ளத்தைத் தொட்டதற்கு நாம் ஒரு காரணம் கருதுகிறோம். 1919-இல் கசூரிலும் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அவ்வூர் இரயில் நிலையத்தருகே மனிதர்களை அடைக்கத் திறந்தவெளிக் கூண்டு அமைக்கப்பட்டது; பொது இடத்தில் தூக்குமரம் நாட்டப்பட்டது. தம் ஊர் பட்ட பாட்டைக் கண்ட அவருக்கு மலபார் அந்நிய பூமியாகத் தோன்றியிராது.

1922-இல் ஜம்இய்யத்து தஃவத் வ தப்லீகுல் இஸ்லாம் என்னும் அமைப்பின் பெயரால் கோழிக்கோட்டில் யத்தீம்கானா தொடங்கப்பெற்றது. அப்பெயரின் சுருக்கமே ஜே.டி.டி. பஞ்சாபியும் உருதுவும் பேசியவர்கள், மொழியறியாத மண்ணில், மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தனர். அரிசியும் துணியும் வழங்கித் திரும்பியிருந்தால் அதுவும் தர்மமே. ஆயினும் அடுத்த மாதம் அப்பிள்ளை எங்கே உறங்கும், எங்கே எழுத்தறியும் என்ற வினா எஞ்சியிருக்கும். உறைவிடமும் கல்வியும் ஒரே வளாகத்தில், அதுவும் உற்றார் வந்து பார்த்துச் செல்லக்கூடிய மலபாரிலேயே அமைந்ததை இப்பணியின் தலையாய சிறப்பாக நாம் மதிக்கிறோம்.

மௌலானா அரசியலிலும் முன்னின்றவர். பஞ்சாப் மாகாணக் காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். மௌலானா சுலைமான் நத்வி தலைமையில் ஹிஜாஸ் சென்ற கிலாபத் தூதுக்குழுவிலும் இடம்பெற்றார். பிற்காலத்தில் பாகிஸ்தானின் சட்ட அமைச்சராக இருந்த மஹ்மூத் அலி கசூரி இவருடைய புதல்வரே. 1942-இல் மௌலானா வஃபாத்தானார்.

ஐந்தாண்டுகளில் நாடு பிரிந்தது. கசூர் எல்லைக்கு அப்பால் போயிற்று. நிறுவியவரின் ஊருக்கும் நிலையத்துக்கும் இடையே ஒரு தேச எல்லை எழுந்தபோதும் யத்தீம்கானா மூடப்படவில்லை. மலபார் மக்களே அதனை ஏற்று நடத்தினர். நாளடைவில் பள்ளிகளும் தொழிற்கல்வி நிலையங்களும் கல்லூரியும் அங்கு எழுந்தன.

மௌலானா மறைந்த மறு ஆண்டு, 1943-இல், மலபாரில் காலராவால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் திரூரங்காடியிலும் ஒரு யத்தீம்கானா தோன்றிற்று. கிளர்ச்சி மூண்ட அதே ஊரில், அந்த யத்தீம்கானாவின் நிர்வாகக் குழுவே 1968-இல் பி.எஸ்.எம்.ஓ. கல்லூரியை நிறுவிற்று.