சீறா அரங்கேறிய அவை

கந்தபுராண படனம் யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதன்று. ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சபை செவிமடுக்கும் அம்மரபில் வளர்ந்தவர்களுக்கு அரங்கேற்றம் என்பதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. ஒரு நூலைப் புலவன் எழுதி முடித்தால் மட்டும் போதாது. கற்றோர் கூடிய அவையில் அதனைப் படித்துப் பொருள் உரைத்து, எழும் ஐயங்களைத் தீர்த்து, ஒப்புதல் பெற்ற பின்னரே அது நூலாகும். அவ்வாறு அரங்கேறிய தமிழ்க் காப்பியங்களுள் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறும் சீறாப்புராணமும் ஒன்று. அதனைப் பாடியவர் உமறுப் புலவர்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு, எட்டயபுரம் சமஸ்தானத்தின் அவைப்புலவராக விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். இலக்கணமும் இலக்கியமும் கைமாறுவதற்கு அது தடையாகவில்லை. வாதுக்கு வந்த வாலைவாருதி என்ற புலவரை ஆசிரியரின் சார்பில் உமறுவே வென்றார் என்பது மரபுவழிச் செய்தி. ஆசிரியருக்குப் பின் அவர் வகித்த அவைப்புலவர் பதவியும் உமறுவுக்கே உரியதாயிற்று.

அவரது புலமையைக் கேள்வியுற்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. செய்கு அப்துல் காதிறு என்னும் இயற்பெயருடைய இவ்வணிகப் பெருமகன், இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் நண்பர். படிக்காசுப் புலவர் போன்ற பிற சமயப் புலவர்களையும் ஆதரித்தவர். தமிழில் இராமனுக்கும் கந்தனுக்கும் காப்பியங்கள் இருக்க, நபிகளாருக்கு ஒரு பெருங்காப்பியம் இல்லையே என்ற குறையைத் தீர்க்குமாறு அவர் உமறுவை வேண்டினார்.

பணி எளிதாக அமையவில்லை. வரலாற்று ஆதாரங்கள் அறபு மொழியில் இருந்தன. அவற்றைப் பெறுவதற்காக மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவை நாடிச் சென்ற உமறுவை, அரசவைக் கோலத்தில் வந்தமை கண்டு அவர் முதலில் ஏற்கவில்லை என்பர். மனம் நொந்த புலவர் முதுமொழிமாலை பாடினார். பின்னர் அப்பாவின் மனமும் கனிந்தது. பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் உமறு ஆதாரச் செய்திகளைக் கேட்டறிய வழி பிறந்தது. அரசவைத் தமிழும் மதரஸாக் கல்வியும் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன.

நூல் நிறைவுறுமுன்னரே சீதக்காதி மறைந்தார் என்று மரபு கூறும். புரவலரை இழந்த புலவருக்குப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். அவரது ஆதரவிலேயே சீறா அரங்கேறியது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் 5,027 விருத்தங்களும் கொண்ட அந்நூலில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் கம்பன் வழியிலேயே அமைந்தன. அறபு நாட்டிலும் தமிழகத்து வயலும் மழையும் வந்து புகுந்தன. தமது நபியின் வரலாற்றைத் தமது தாய்மொழியில், தமக்குப் பழகிய சந்தத்தில் முஸ்லிம்கள் கேட்டனர். தமிழும் தனது எல்லையை விரித்துக்கொண்டது.

நபிகளாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்காமலேயே உமறு காலமானார். எஞ்சிய பகுதியைச் சின்னச் சீறாவாகப் பனீ அகுமது மரைக்காயர் பாடினார். ஏட்டிலிருந்த சீறாவை 1842இல் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். உமறுவின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது.

இவ்வரலாற்றை யாழ்ப்பாணத்தில் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் இம்மண்ணின் முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டனர். சோனகர் தெரு வெறிச்சோடியது. 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினரே திரும்பி வந்தனர். ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரை அந்நியராகக் கருதியதன் விளைவு அது.

கடிகைமுத்துவின் கல்வியின்றி உமறு இல்லை. உமறுவின்றித் தமிழ்க் காப்பிய வரிசை நிறைவதில்லை. சீறா அரங்கேறிய அவையில் தமிழ் யாருடைய தனியுடைமையாகவும் இருக்கவில்லை. வீடுகளைத் திருப்பிக் கட்டுவதோடு அந்த அவையையும் மீளக் கூட்டுவது இரு சமூகத்தவர்க்கும் உரிய கடமையாகும்.