பல்லும் மரபும்: டார்வின் தேடிய விடை

உயிரினங்கள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பதை உலகிற்கு விளக்கியவர் சார்லஸ் டார்வின். அவர் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தை, மகனையும் மருத்துவராக்க விரும்பி எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளிகள் வலியால் துடிக்கும்போதே அறுவை சிகிச்சை நடைபெற்றது. அதனைக் காணப் பொறுக்காத டார்வின் மருத்துவப் படிப்பைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றபோது அவருடைய மனம் வண்டுகளிலும் செடிகொடிகளிலுமே ஈடுபட்டது.

1831ஆம் ஆண்டின் இறுதியில் 'பீகிள்' என்னும் கப்பலில் புறப்பட்ட டார்வின், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றினார். 1833இல் அர்ஜென்டினாவில், மண்ணில் புதைந்திருந்த பழங்காலக் குதிரைப் பல் ஒன்றைக் கண்டெடுத்தார். தென் அமெரிக்காவிற்குக் குதிரைகளைக் கொண்டு வந்தவர்கள் ஸ்பானியர்கள் என்றே வரலாறு கூறியது. அவ்வாறாயின், அவர்கள் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அங்குக் குதிரை வாழ்ந்து அழிந்தது எப்படி? ஒரு சிறு பல் பெரிய கேள்வியை எழுப்பியது.

நாடு திரும்பிய டார்வின் பல ஆண்டுகள் சான்றுகளைத் திரட்டினார். 1858இல் ஆல்பிரட் வாலஸ் என்னும் ஆய்வாளர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து அவருக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். 1854இல் மலாக்காவிலிருந்து சென்று, இன்றைய ஜொகூரிலுள்ள லேடாங் மலையில் ஏறி உயிரினங்களைச் சேகரித்தவர் இவரே. இருவரும் தனித்தனியே ஒரே முடிவிற்கு வந்திருந்தனர். மறு ஆண்டே டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. வளர்ந்த பிறகு பல்லே இல்லாத திமிங்கில வகையின் கருவில் பற்கள் அரும்பி மறைவதையும் அந்நூலில் அவர் சுட்டிக்காட்டினார். முன்னோரின் அடையாளம் கருவில் தங்கியிருக்கிறது என்பதற்கு அஃது ஒரு சான்றாகும்.

ஆயினும், பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளை எவ்வாறு சென்றடைகின்றன என்ற வினாவிற்கு அவரிடம் சரியான விடை இல்லை. அவ்வினா அவருடைய இல்லத்திலும் எழுந்தது. அவர் மணந்தது தாய்மாமன் மகளான எம்மாவை. பத்துப் பிள்ளைகளுள் மூவர் சிறுவயதிலேயே இறந்தனர். 1851இல் பத்து வயது மகள் ஆனியை இழந்தது அவரை மிகவும் வருத்தியது. தம் உடல்நலக் குறைவு பிள்ளைகளையும் பாதித்ததோ, நெருங்கிய உறவில் மணம் புரிந்தது காரணமோ என்று அவர் கவலைப்பட்டார்.

அக்காலத்தில், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவின் சிந்துப் பகுதியிலிருந்து அவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. அங்கு ஓர் இந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு, மேல் கீழ்த் தாடைகள் இரண்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு பற்களே இருந்தன. உடலில் முடி மிகக் குறைவு. வெயில் காலத்தில் தோல் வறண்டு அவர்கள் பெரிதும் துன்புற்றனர். அக்குடும்பப் பெண்களுக்கு இக்குறை இல்லை. ஆனால், அவர்களுடைய மகன்களுக்கு அது வந்தது. குறையுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் அது செல்லவில்லை. டார்வின் இவற்றையெல்லாம் 1875இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் ஒன்று விடாமல் பதிவு செய்தார். மரபு பற்றி அவர் கூறிய விளக்கம் பிற்காலத்தில் தவறென்று தெரிந்தது. எனினும், அவர் பதிவு செய்த உண்மைகள் நிலைத்தன.

1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபின் விதிகளைக் கண்ட மெண்டலின் ஆய்வு, 1900இல்தான் உலகின் கவனத்தைப் பெற்றது. அதன்பின் மரபணு ஆய்வு வேகமாக வளர்ந்தது.

பற்களின் கதை தாயின் கருவிலேயே தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் கருவின் தாடையிலுள்ள மேற்படலம் தடிக்கிறது. பின்னர் அது கீழுள்ள திசுவிற்குள் மொட்டுப் போல் இறங்கி, தொப்பி வடிவமும் மணி வடிவமும் பெறுகிறது. இரு திசுக்களும் ஒன்றுக்கொன்று புரதங்களைச் செய்தியாக அனுப்பிக்கொள்கின்றன. எப்புரதம் எப்போது உருவாக வேண்டும் என்பதை மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. 'பாக்ஸ்9' என்னும் மரபணு இல்லாத எலிக்கருவில் பல் மொட்டு நிலையிலேயே நின்றுவிடுகிறது.

சிந்துக் குடும்பத்தினரிடம் காணப்பட்ட குறைபாட்டிற்குக் காரணமான 'இ.டி.ஏ.' என்னும் மரபணுவை அறிஞர்கள் 1996இல் கண்டறிந்தனர். பல், முடி, வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவின் மேற்படலத்திலிருந்தே தோன்றுவதால் மூன்றும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. தந்தை மகனுக்கு அளிப்பது ஒய் குரோமோசோம் ஆகும். டார்வின் எழுதி வைத்த புதிர் இவ்வாறு விடுபட்டது.

வியர்வை சுரக்காத குழந்தைக்குக் கடும் வெப்பம் உயிருக்கே ஆபத்தாகும். 2018இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஒரு நற்செய்தியை வெளியிட்டனர். தாயின் கருப்பையில் இருந்த, இக்குறையுள்ள இரட்டைக் குழந்தைகளுக்கு அவர்கள் அப்புரதத்தைச் செலுத்தினர். பிறந்த பிறகு அக்குழந்தைகளுக்கு வியர்வை சுரந்தது.

தமக்கு விளங்காததையும் மறைக்காமல், திரிக்காமல் எழுதி வைத்தார் டார்வின். அவர் விட்டுச்சென்ற கேள்வி, நூறாண்டுகளுக்குப் பிறகு விடை கண்டது. கண்டதைக் கண்டவாறே பதிவு செய்யும் நேர்மையும் அறிவியலுக்கு ஓர் அடித்தளம் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.