மண்ணில் மறைந்த காட்டைத் தேடியவர்: பீர்பால் சஹானி

கோடையில் நம் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேலம் வந்து சேருமுன் இங்கே நின்ற மரங்கள் எவை? சிலவற்றைப் பாட்டிமார் சொல்வர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களை அறிய மண்ணைத்தான் கேட்க வேண்டும். காய்ந்து வெடிக்கும் நம் கரிசலோ அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. பூக்களின் மகரந்தத் தூள், காற்றுப் புகாத ஈரச் சேற்றில்தான் நெடுங்காலம் கெடாமல் தங்கும். உதகமண்டலத்துச் சதுப்புகளில் அரைகுறையாக மக்கிய செடிகள் அடுக்கடுக்காய்ப் படிந்த கருஞ்சேறு உண்டு. அதனைப் 'பீட்' என்பர். ஒவ்வொரு அடுக்கையும் உருப்பெருக்கியில் வைத்து மகரந்தத்தை இனம் பிரித்து எண்ணினால், அக்காலத்துக் காடு கண்முன் தோன்றும். 1916 இல் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் இம்முறையை உலகுக்குக் காட்டினார். தொல்தாவர ஆய்வுக்கென்றே நம் நாட்டில் ஒரு நிலையம் கண்டவர் பேராசிரியர் பீர்பால் சஹானி.

இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் 1891 நவம்பர் 14 அன்று அவர் பிறந்தார். (நேருஜிக்கும் அதுவே பிறந்தநாள், குழந்தைகள் தினத்தில் இவரை யார் நினைக்கிறோம்?) தந்தை ருச்சி ராம் லாகூரில் வேதியியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய சஹானி, 1921 இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1936 இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அவரும் தவறியதுண்டு. பஞ்சாப் உப்புமலையின் உப்பில் நுண்ணிய தாவரத் துணுக்குகளைக் கண்டு, அவ்வுப்பு அவ்வளவு பழையதன்று என்று வாதிட்டார். அது மிக மிகப் பழையது என்பதே பின்னர் நிலைபெற்ற முடிவு. துணுக்குகள் வெளியிலிருந்து புகுந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இன்றும் மகரந்த ஆய்வாளர்க்கு உண்டு.

தம் நூல்களையும் சேகரித்த தொல்லுயிர்ப் படிவங்களையும் கொடுத்து 1946 இல் நிலையத்தைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 3 அன்று நேருஜி கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஏழே நாளில், ஏப்ரல் 10 அன்று, மாரடைப்பால் சஹானி மறைந்தார். அப்போது வயது 57. நின்றது அடிக்கல் மட்டுமே!

ஆய்வுப் பயணங்களில் உடன் சென்றுவந்த துணைவியார் சாவித்திரி அம்மையார் துயரத்தோடு ஒதுங்கிவிடவில்லை. நிலையத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1953 இல் கட்டடம் திறக்கப்பட்டது.

அந்நிலையத்து விஷ்ணு மித்ரேயும் குப்தாவும் நீலகிரிப் பீட்டை ஆராய்ந்து 1971 இல் எழுதினர். மனிதர் சோலைகளை வெட்டியதால்தான் அங்குப் புல்வெளி உண்டாயிற்று என்று பலர் எண்ணியிருந்தனர். பழைய அடுக்குகளிலோ புல்லின் மகரந்தம் மிகுந்திருந்தது! பீட்டின் கார்பனைக் கொண்டு செய்து 1993 இல் வெளியான ஆய்வும், குளிர்ந்து வறண்டிருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் மிகுந்திருந்ததெனக் காட்டியது. இதையறியாமல், வெற்றுநிலம் என்று கருதி, வெள்ளையரும் பின்வந்தோரும் அப்புல்வெளிகளில் தைல மரத்தையும், வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் நட்டு நிரப்பினர். இப்போது சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணி நடைபெற்று வருகிறது.