டானியல் ஓவியர் இருவர்

சமயநல்லூரினின்று மதுரை நோக்கி வருவார்க்கு வலப்புறத்தே நாகமலை ஊர்ந்து கிடக்கும் பாம்பெனத் தோன்றும். நாள்தோறும் காணும் நமக்கு அக்காட்சி புதுமையன்று. ஆயின், வேற்று நாட்டினர் இருவர் 1792-ஆம் ஆண்டில் தென்பாண்டி நாடு போந்து, நாம் பாராது கடக்கும் மலையையும் அருவியையும் மாளிகையையும் ஓவியமாக்கிச் சென்றனர். அவர் தாமஸ் டானியலும், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் ஆவர்.

தாமஸ் 1749-இல் இங்கிலாந்தில் விடுதி நடத்துவார் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். இளமையில் வண்டிகட்கு வண்ணந்தீட்டும் தொழில் பயின்று, பின்னர் இலண்டன் கலைக்கழகத்தில் கற்றார். ஆண்டு ஓவியர் பலராதலின் வாழ்வு வளம்பெறவில்லை. ஆகவே, 1785-இல், தந்தையை இழந்த வில்லியமை உடனழைத்துக் கப்பலேறினார். அப்போது சிறுவனுக்கு அகவை ஏறத்தாழப் பதினாறு.

கல்கத்தாவை அடைந்தவர் உடனே நாடு காணப் புறப்பட்டிலர். முதற்கண் அந்நகர்க் காட்சிகள் பன்னிரண்டைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டு, அத்தொழிலைச் செய்தே கற்றனர். அதன் பின்னரே, 1788-இல், கங்கை வழியே வடநாடு சென்றனர். தமக்கு முன் வந்த ஹாட்ஜஸ் என்பாரின் படங்களையும் உடன்கொண்டு சென்று, கட்டடங்களோடு ஒப்பிட்டு, அவற்றின் பிழைகளைக் கண்டனர். பிறர் பிழை தம்பாலும் நேராவண்ணம், கண்ணாடி வில்லை வழியே புறக்காட்சியைத் தாளின்மேல் வீழ்த்தும் இருட்பெட்டியைத் துணைக்கொண்டு அளவு பிறழாது வரைந்தனர்.

தென்னாட்டுச் செலவுக்குப் பொருள் வேண்டியிருந்தது. தாம் அரிதின் தீட்டிய ஓவியங்களைக் குலுக்குச்சீட்டு முறையில் விற்றே அதனைத் தேடினர். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போர் ஓய்ந்த காலை, பல்லக்கு, குதிரை, மாட்டுவண்டி, படம் வரையும் மேசை ஆகியவற்றோடு சென்னையினின்று புறப்பட்டனர். மைசூர்ப் பக்கத்து மலைக்கோட்டைகளையும், திருச்சிராப்பள்ளிக் குன்றையும், பாபநாசத்து அருவியையும், தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தனர். மதுரையில் அவர் கண்டது இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மாளிகை. அதனைப் புதியதுபோல் அழகுசெய்து காட்டாது, உள்ளவாறே வரைந்தனர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அம்மாளிகையைச் செப்பனிடச் செய்தார். அதற்கு முன்னர் அஃது இருந்த நிலையை நாம் இன்று அறிதற்கு அப்படங்கள் சான்றாய் நிற்கின்றன.

1794-இல் தாயகம் மீண்டபின்னும் உழைப்பு முடிந்திலது. 1795 முதல் 1808 வரை 144 காட்சிகளைத் தகட்டில் ஏற்றி வெளியிட்டனர். வைகறை தொட்டு நள்ளிரவுகாறும் வேலை செய்தவன், முன்பு சிறுவனாய் வந்த வில்லியமே. தாமஸ் 1799-இலும், வில்லியம் 1822-இலும் அரச கலைக்கழக உறுப்பினராயினர். வில்லியம் 1837-இலும், முதியவர் 1840-இலும் மறைந்தனர்.

அன்னார் பெற்ற புகழுக்குக் கைத்திறன் ஒன்றே காரணமன்று. அறியாத நாட்டிற்குச் செல்லுமுன் ஆய்ந்து அமைத்துக்கொண்ட ஆயத்தமும், கண்டதைக் கண்டபடி காட்டும் நேர்மையுமே காரணம். நண்பர்காள்! அயலார் பல்லாயிரங் காதம் கடந்துவந்து கண்டதை, அருகிருக்கும் நாம் காணாதிருத்தல் தகுமோ? அடுத்த விடுமுறையில் ஒரு தாளும் எழுதுகோலுங் கொண்டு நாகமலை அடிவாரம் செல்வோமாக.